எருக்குழி ஓரத்து மண்

செல்லம், மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வருவதற்குள் இதைப் படி. இதைக் கொண்டுவந்து கொடுக்கிற முத்துச்சாமி சித்தப்பாவிடம் எதுவும் விசாரிக்காதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அரியலூர் வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். மாடு வாங்கும் விஷயமாக அவன் அங்கே வருகிறான் என்று கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மத்தியான பஸ்ஸுக்குள் முடிக்க வேண்டும். யுத்தம் வந்ததிலிருந்து கரி அடுப்பு மூட்டி ஓட்டுகிற பஸ் அது. எப்போது கிளம்பும் என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. அதனால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. உன் அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, "எழுதாதீங்க, சொல்றதக் கேளுங்க" என்று காலையிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் இவ்வளவு நேரமாக முதல் வரியைத் தாண்ட முடியாமல் இருந்தேன்.

நம் ஏரிக்கரை வயல் மஞ்சளாகிவிட்டது. நட்டுப் பச்சை பிடித்த பிறகு கருகருவென்று ஏற வேண்டிய பயிர், அடி இலையிலிருந்து நுனி காய்ந்து, பக்கத்தில் தூர் வெடிக்காமல், நட்ட நாற்று நட்டபடியே நிற்கிறது. பூச்சியா என்று பார்த்தேன், இல்லை. தண்ணீர்க் குறையா என்றால் ஏரி நிறைந்து கிடக்கிறது. வயிற்றுக்குச் சோறு இல்லாத பிள்ளை எப்படி நிற்குமோ அப்படி நிற்கிறது, அவ்வளவுதான். நம் வயல் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பக்கத்து வயல் பெரியசாமியுடையது, அதற்கடுத்தது அவன் தம்பியுடையது, மதகு வரைக்கும் எல்லாம் அதே நிறம். பெரியசாமிக்கு அந்த ஒரு வயலை விட்டால் வேறு இல்லை என்பது உனக்குத் தெரியும். அவன் பெண்ணோடுதானே நீ பாண்டி ஆடினாய்.

இது எப்படி வந்தது என்று உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆடி மாதம் மாப்பிள்ளை ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து கோயம்புத்தூரிலிருந்து வந்த மண் பரிசோதனை முடிவைப் படித்துச் சொன்ன நாளில் நீ வரவில்லை. வந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய். எங்களுக்குப் புரிகிற மாதிரி அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். ஒரு ஏக்கரில் ஏர் பாயும் ஆழம் வரைக்கும் இருக்கிற மண் முழுவதும் எத்தனை எடை இருக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். லேபில் ஒரு சிட்டிகை மண்ணில் எவ்வளவு தழைச்சத்து என்று பார்த்து, அதை அந்த எடைக்குப் பெருக்கிக்கொள்வார்களாம். "ஆனா மண்ணுல இருக்கிறது எல்லாமே பயிருக்குக் கெடைச்சிடாதுங்க. குதிருல இருக்கிற நெல்லு எல்லாம் இன்னிக்கு சோறாயிடுமா? ஒலையில போட்டதுதான் சோறு. அது மாதிரி இந்தப் போகத்துக்கு மண்ணு எவ்ளோ அவுத்துவிடும்னு பாக்கணும். பயிரு எவ்ளோ கேக்குதுன்னு பாக்கணும். பத்தாக்கொறைய மட்டும் நாம போட்டாப் போதும்" என்றார். பிறகு நம் வயலுக்குக் கணக்குப் போட்டார். பற்றாக்குறையே இல்லை. மண்ணே எல்லாம் கொடுத்துவிடும், சீமை உரம் ஒரு பிடி கூட வேண்டாம் என்று வந்தது. நான்தான் முதலில் கை தட்டினேன்.

மற்றவர்கள் வயலிலும் தனியாக மண் எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லத்தான் சொன்னார். பெரியசாமி எழுந்து, "உங்க மாமனாரு வயலும் எங்க வயலும் ஒரே ஏரித் தண்ணி, ஒரே வண்டலுங்க. தனியா வேற எதுக்குங்க? எங்களுக்கும் அதே கணக்கு போதும்" என்றான். உரம் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் வாங்கி வைத்திருந்த பெர்மிட்டை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். மண் செத்துப்போன வேறு ஊர் எதற்காவது போகட்டும் என்று பெரிய மனசோடு கொடுத்தார்கள். அவர் விவசாய இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மேலதிகாரிக்கு இதைப் பற்றி எழுதினார். அதிகாரியும் மகிழ்ந்து, நம் வயலையே மற்றவர்கள் பார்க்கும் மாதிரி வயலாக்கச் சொல்லிவிட்டார். பச்சை வர்ணம் அடித்த தகரப் பலகை ஒன்று நம் வரப்பில் நிற்கிறது. வருகிற அமாவாசைக்கு மறுநாள் அந்த அதிகாரி திருச்சியிலிருந்து வயலைப் பார்க்க வருகிறார்.

லேப் முடிவு பொய் இல்லை, செல்லம். மாப்பிள்ளை போட்ட கணக்கும் தப்பில்லை. நாம் கொடுத்த மண்தான் அந்த வயலின் மண் இல்லை.

சித்திரையில் மண் எடுத்து அனுப்பச் சொல்லி அவர் எழுதியிருந்தாரே, அதில் எப்படி எடுப்பது என்று தெளிவாகவே எழுதியிருந்தார். வயலில் வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் எடுக்க வேண்டும். வரப்போரம் கூடாது, மரத்தடி கூடாது, எருக் கொட்டிய இடம் கூடவே கூடாது. எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, இப்படியே ஒரு படி அளவுக்குக் குறைத்து அனுப்ப வேண்டும். நான் வெயிலில் நின்று அப்படியே செய்தேன், சத்தியமாகச் செய்தேன். கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உன் அம்மா பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். வெளிறிய கட்டி, சரளைக் கல், அறுத்த தாளின் வேர், ஒரு நத்தைக் கூடு. மாப்பிள்ளை முதன் முதலாக வாய் திறந்து நம்மிடம் கேட்ட பொருள் இது. தலை தீபாவளிக்கு மோதிரம் போட்டபோது கூட வேண்டாம் என்றவர். அவர் கையில் இதையா கொடுப்பது என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. கொல்லையில் எருக்குழி ஓரமாக அவரைப் பந்தல் போடுகிறாளே, அங்கே கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும் மண்ணை எடுத்து, மாவுச் சல்லடையில் சலித்து, நிழலில் உலர்த்தி, புது மஞ்சள் துணியில் கட்டி வைத்துவிட்டாள். மறுநாள் அதை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முடிச்சைத் தளர்த்திப் பார்த்து, நம் வயல் மண் இவ்வளவு அழகா என்று பூரித்துப்போனேன். முப்பது வருஷமாக அந்த வயலில் உழுகிற கழுதைக்கு நிறம் கூடவா தெரியாது என்று கேட்காதே. மாப்பிள்ளைக்குப் போகிற மண் அல்லவா, அழகாக இருந்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வாரம் பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு, "இவ்வளவு சத்துள்ள மண்ணுல இப்படி வருமாடி?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டபோதுதான் அவள் சுவரோடு சுவராக உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "நல்லதா குடுக்கணும்னு நெனச்சேங்க. மண்ணப் போயி சாப்புட்டா பாப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள். நான் திட்டவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இருக்கிறதில் நல்லதைக் காட்டுவது, சம்பந்தி வீட்டுக்குப் பொறுக்கி எடுத்த கத்தரிக்காயை அனுப்புவது, சொத்தைக் காயை நாம் தின்பது என்று இந்த வீட்டில் எல்லாரும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறோம். அவள் வேறென்ன செய்வாள்?

அப்புறம் ஏன் மாப்பிள்ளையிடம் நேரே சொல்லித் தொலைக்கவில்லை என்று நீ கேட்பாய். உன் பெரியம்மா கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஒரு பஞ்சாயத்தில் எல்லை மரம் எது என்று பேச்சு வந்தபோது உன் பெரியப்பா புளியமரம் என்றார். உன் தாத்தா நாலு பேர் முன்னால், "இல்ல மாப்ள, அது இலுப்பை" என்றார். அது இலுப்பைதான், இன்றைக்கும் நிற்கிறது. அன்று சாயங்காலமே வண்டி கட்டிப் பெரியம்மாவைக் கூட்டிப் போனவர் அதற்குப் பிறகு பிறந்த வீட்டு வாசலை அவள் மிதிக்க விடவில்லை. உன் அம்மாயி செத்ததற்குத்தான் அவள் வந்தாள், அதுவும் தூக்கின பிறகு. அதைக் கண்ணால் பார்த்தவள் உன் அம்மா. "மரத்துக்கே அப்டின்னா, அதிகாரி முன்னால அவரு வேலைக்கே ஒல வச்சா? நம்ம பொண்ணு கெதி என்னாவுறது?" என்று கேட்கிறாள்.

சொல்லாமல் இருந்தாலும் முடியவில்லை. பயிர் தண்டு உருண்டு கதிருக்குத் தயாராவதற்குள் மேலுரம் போட்டால் பாதியாவது தேறும். போட வேண்டிய உரமோ அரியலூர் கிடங்கில் இருக்கிறது. இவர்கள் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்ததால் மிஞ்சிய அதே மூட்டைகள். அமாவாசை கழிந்ததும் வேறு தாலுகாவுக்கு வண்டி ஏறிவிடும் என்று கேள்வி. மாப்பிள்ளை ஒரு வரி எழுதினால் நிற்கும். வேறு யார் எழுதினாலும் நிற்காது. மறுபடி மண் எடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் இங்கே வைக்கோல்தான் மிஞ்சும். சொன்னால் நீ, சொல்லாவிட்டால் பெரியசாமி. நம் வீட்டுத் தப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் உன் அம்மா. அவளை இந்தத் தெருவில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் மேல் இடித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, செல்லம். இந்த வயதில் இப்படி எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

வயலுக்குப் போவதையே குறைத்துவிட்டேன். போனாலும் பலகை நிற்கிற வரப்பை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன். முந்தாநாள் பெரியசாமி மடையில் கால் கழுவிக்கொண்டிருந்தான். "என்னண்ணே, பலகை மட்டும் நல்லா பச்சையா நிக்குது, பயிருதான் மஞ்சளாப் போச்சு" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "மாப்ள கணக்கு தப்பாதுல்ல? இனிமேதான் மண்ணு அவுத்துவுடுமோ?" என்று கேட்டான். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்யப் பார்த்தேன். குழியில் இருக்கிற எரு ஒரு வயலுக்குத்தான் வரும். அதை வாரிப் பலகை நிற்கிற வயலில் மட்டும் போட்டுக் கொஞ்சம் பச்சை காட்டிவிட்டால் வருகிற அதிகாரி பார்த்துவிட்டுப் போய்விடுவார், மாப்பிள்ளை வேலை நிலைக்கும், நீ நன்றாக இருப்பாய் என்று வண்டியில் ஏற்றவும் ஏற்றினேன். இந்த யோசனை உன் அம்மாவுடையது இல்லை, என்னுடையது. மாட்டைப் பூட்டப் போனபோது, பெரியசாமி பெண்டாட்டி அந்த மஞ்சள் வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒன்றும் இல்லாத வயலில் இருக்கிற கொஞ்சத்தையும் களை தின்னாமல் இருக்கட்டும் என்று எடுக்கிறாள். வண்டி அன்றைக்கெல்லாம் அப்படியே முட்டுக்கொடுத்து நின்றது. சாயங்காலம் நானே எருவை மறுபடி குழியில் தள்ளினேன். பார்த்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நீ செய்ததாகச் சொல்லிக் கொடுத்த சொஜ்ஜியை எதிர்வீட்டு அத்தை கிண்டினாள். கல்யாணம் ஆன மாதமே நீ வைத்த ரசத்தில் அந்த வண்டவாளம் வெளியாகிவிட்டது. முதல் ஆடிக்கு வந்த மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்தபடி, "மாமா, சாம்பிள் ரொம்ப நல்லா இருந்துச்சு. வயலுதான் வேறயாப் போச்சு" என்றார். நீ உள்ளே ஓடினாய். நாங்கள் எல்லாரும் புரையேறச் சிரித்தோம், அவர்தான் அதிகம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் இந்த ஒரு வாரமும் தைரியம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது வீட்டுக்குள் சிரித்த சிரிப்பு. ஊர் பார்க்க, மேலதிகாரி பார்க்க, அவரால் அப்படிச் சிரிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும். என்னைவிட நீ அவரை அறிவாய்.

நீ அவரோடு இன்னும் வெகுகாலம் வாழப் போகிறவள். உனக்குத் தலைவலி என்றால் தலைவலி என்று சொல். கோபம் என்றால் கோபம் என்று சொல். அவர் கேட்கும்போதெல்லாம் நல்ல இடமாகப் பார்த்து எடுத்துக் கொடுக்காதே. பாவம், அதை வைத்துக்கொண்டு அவர் மொத்தத்துக்கும் கணக்குப் போட்டுவிடுவார். பிறகு குறைகிறபோது, அவருக்கு ஏன் என்றே தெரியாது. நானும் உன் அம்மாவும் இதை உனக்குச் சொல்லித்தரவில்லை, நேர்மாறாகத்தான் சொல்லித்தந்தோம். அதனால் நீ என்னைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. சொல்லத்தான் முடிகிறது.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்த பிறகு இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடு. நீ வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், உன்னை நடுவில் நிறுத்த எனக்கு மனசில்லை. மாப்பிள்ளை, உங்கள் கணக்கு சரி. மண்ணை மாற்றியவன் <s>நான்தான். நல்ல மண்ணாக இருக்கட்டும் என்று எருக்குழி ஓரத்தில் எடுத்துக் கொடுத்தேன். அதிகாரியிடமும் ஊரிடமும் நானே</s>

அடித்திருப்பதைப் பார்த்துக் குழம்பாதே, செல்லம். அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்துவிட்டாள். கொஞ்ச நேரமாக நிலைப்படியில் சத்தம் இல்லை. கோபித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். முழங்கால் வரைக்கும் சேறு. புடவை முந்தியில் எதையோ ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வாழை இலையில் கொட்டினாள். நம் வயல் சேறு. "அவரு எழுதியிருந்த மாதிரியே வளஞ்சு வளஞ்சு நடந்து எடுத்தேன். வரப்போரம் எடுக்கல" என்றாள். அப்புறம், "என்ன எழுதியிருக்கீங்க, படிங்க" என்றாள். படித்தேன். நான்தான் என்கிற இடம் வந்ததும், "அத அடிங்க" என்றாள். நான் ஊர் பேச்சைச் சொன்னேன், பெரியம்மாவைச் சொன்னேன், அவள் சொன்னதையெல்லாம் அவளுக்கே திருப்பிச் சொன்னேன். "திரும்பவும் வேற மண்ண அனுப்பப் பாக்குறீங்களா?" என்று கேட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தேன்.

மண்ணை மாற்றியவள் உன் அம்மா. மாப்பிள்ளை இதை அப்படியே படிக்கட்டும். அவர் என்ன சொல்வார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கிடங்கு மூட்டை நிற்குமோ போகுமோ, நீ பொங்கலுக்கு இந்த வீட்டுக்கு வருவாயோ மாட்டாயோ, அதுவும் தெரியாது. பஸ்ஸுக்குக் கரி போட்டாயிற்று, முத்துச்சாமி வாசலில் நின்று கத்துகிறான். உன் அம்மா அந்தச் சேற்றைப் பழைய மஞ்சள் துணியிலேயே முடிந்து, மேலே வாழைச் சருகு சுற்றிக் கட்டிவிட்டாள். கடிதத்தோடு அதையும் அவர் கையில் கொடு. உள்ளே சரளையும் தாள் வேரும் ஒரு நத்தையும் இருக்கும். நத்தைக்கு உயிர் இருக்கிறது. நீ ஒன்றையும் பொறுக்கி எடுத்துவிடாதே.